இடது காதில் இரண்டு ஓட்டை

பிப்ரவரி 5, திங்கள்

கண்ணாடி லோடு வரும் என்று காலையிலிருந்து கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது சம்மன். கையெழுத்துப் போட நான் பேனாவை எடுத்தால், "உங்களுக்கில்லீங்க, அம்மாவுக்கு" என்று போலீஸ்காரர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். கடையும் வீடும் ஒன்றுதான். முன்னால் படங்களுக்குப் பிரேம் போடும் கடை, பின்னால் நாங்கள் இரண்டு பேர்.

வசந்தாமணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். முழுவதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்த அன்றும், பின்னால் இரண்டு ஜோடி காத்து நிற்க, பாரத்தை முதல் வரியிலிருந்து படித்தவள்.

மார்ச் 6-ஆம் தேதி சிறப்பு நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டுமாம். முன்னாள் அமைச்சர் திருமூர்த்தி மீதான மாட்டு வழக்கு.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எழுதினால்தான் எனக்கே பிடிபடும்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், புருஷனை இழந்த நாற்பத்து மூன்று பெண்களுக்கு அரசு கறவை மாடு கொடுத்தது. கொடுத்ததாகக் காகிதம் சொல்கிறது. அன்று சாயங்காலமே மாடுகள் லாரியேறி அமைச்சரின் பண்ணைக்குப் போய்விட்டன என்பது வழக்கு. 'அதெல்லாம் என் சொந்த மாடு' என்பது அமைச்சரின் பதில். சில மாதம் கழித்துப் போலீஸ் பண்ணையைச் சோதனை போட்டபோது, அங்கே கண்டதை எழுதும் மகஜரில் சாட்சிக் கையெழுத்துக்காக இரண்டு அரசு ஊழியர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் நெடுஞ்சாலைத் துறை எழுத்தர். இன்னொருவர் பக்கத்துத் தாலுகாவில் கால்நடை ஆய்வாளராக இருந்த என் சம்சாரம். மாட்டைப் பற்றித் தெரிந்த ஆள் ஒருவராவது வேண்டுமே.

சங்கடம் என்னவென்றால், திருமூர்த்தி அண்ணன் எங்களுக்கு யாரோ இல்லை. மகள் மேனகாவுக்கு ஏழு வயதில் பாம்பு கடித்துவிட்டது. பெருமழை, தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர். வண்டிக்காரர் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். அண்ணன் அப்போது வெறும் ஒன்றியக் கவுன்சிலர். ஒரு வார்த்தை பேசாமல் ஜீப்பைத் தண்ணீரில் இறக்கினார். மேனகா இன்று ஓசூரில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர் மடியில் அவள் உட்கார்ந்திருக்கும் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தேக்குப் பிரேம், நானே போட்டது.

இந்த டைரிகூட அவர் கட்சி கொடுத்ததுதான். அட்டையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 8, வியாழன்

பேப்பரில் செய்தி. நெடுஞ்சாலைத் துறை எழுத்தர் கோர்ட்டில் பிறழ்ந்துவிட்டார். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள், மாட்டையே நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். இனி மிச்சம் வசந்தாமணி ஒருத்திதான்.

"நீ என்ன சொல்லப் போறே?" என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அரசு கொடுக்கும் மாட்டுக்கு இடது காதில் மஞ்சள் வில்லை குத்துவார்கள். ஊரில் அதைத் தோடு என்பார்கள். பண்ணையில் இருந்த மாடுகளுக்கு மஞ்சள் தோடு இல்லை, பண்ணையின் நீலத் தோடு. ஆனால் இவள் ஒவ்வொரு காதாகத் தடவிப் பார்த்திருக்கிறாள். நீலத் தோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை, ஆறிப்போனது. நாற்பத்து மூன்று மாட்டுக்கும். மகஜரில் எழுதச் சொன்னாளாம். "எண்ணிக்கை போதும் மேடம்" என்று அதிகாரி தட்டிக் கழித்துவிட்டார். அதனால் தன் வேலை நோட்டிலேயே தேதி போட்டு, மாட்டுக்கு மாடு அடையாளத்தோடு எழுதிக்கொண்டாளாம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் டீக்கடையில், "பதினோரு வருசத்துக்கு முந்திப் பாத்ததை எவ ஞாபகம் வெச்சிருப்பா?" என்று ஒருவர் கேட்க, "என்ற சம்சாரத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? காது ஓட்டை மொதக்கொண்டு நோட்டுல எழுதி வெச்சிருக்கறா" என்று அளந்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

அளந்ததற்குப் பலன் வந்துவிட்டது. கட்சியின் ஒன்றியச் செயலாளர் ராக்கியப்பன் வீடு தேடி வந்தான்.

"சென்னியண்ணா, பொய் சொல்லச் சொல்லலீங்க. 'நாளாச்சு, ஞாபகமில்லீங்க'ன்னு சொன்னாப் போதும். அதுல என்ன பொய்யிருக்குது? எனக்கு முந்தாநாள் உண்டதே ஞாபகமில்ல."

"அவகிட்டயே சொல்லுப்பா."

வசந்தாமணி அவனுக்கு மோர் கொடுத்தாள். அவன் மேனகா கதையை எடுத்தான். அவள் முழுவதும் கேட்டாள். "மறக்கலீங்க தம்பி. எதையும் மறக்கலீங்க" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போகும்போது அவன் என் தோளில் கை போட்டான். "அந்த நோட்டு கோட்டுக்கு வரக்கூடாதுங்கண்ணா. அண்ணன் உங்க பேரைச் சொல்லிக் கேட்டாரு. உங்களைத்தான் நம்பியிருக்கறாரு."

என் பேரைச் சொல்லிக் கேட்டாராம். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது அவர் என்னைப் பார்த்து. சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

முழங்கால் வலி. கண்ணாடி லோடு வந்தது, மூன்று தகடு உடைசல்.

பிப்ரவரி 14, புதன்

வசந்தாமணி ரேஷனுக்குப் போயிருந்த நேரம், கூடத்து அண்ணன் படத்தை இறக்கித் துடைத்தேன். பின் அட்டை ஊறியிருந்த மாதிரி தெரிந்தது. பழைய ஆணி நான்கையும் பிடுங்கி, வேறு அட்டை வைத்து, புது ஆணி எட்டு அடித்தேன். படம் முன்னைவிடச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கிறது. யார் கவனிக்கப் போகிறார்கள்.

பிப்ரவரி 16, வெள்ளி

வசந்தாமணி காலையிலிருந்து எதையோ தேடினாள். இரும்புப் பெட்டி, பரண், தையல் மிஷின் இழுப்பறை.

"ஏனுங்க, என்ற பச்சை அட்டை நோட்டைப் பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன்?" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ராக்கியப்பன் போன் செய்தபோது நோட்டு காணாமல் போய்விட்டது என்று சொன்னேன். "பலே!" என்றான். அந்தப் பலே எனக்குப் பிடிக்கவில்லை. நான் யாரிடமும் எதையும் கொடுக்கவில்லை, எதையும் கொளுத்தவும் இல்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பாப்பாத்தி அக்கா கண்ணாடி உடைந்த படம் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது, பதினொரு வருஷத்துக்கு முன்னால் நான் பிரேம் போட்டதுதான். அக்கா புதுச் சேலையில் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாட்டுக்கு நெற்றியில் வெள்ளை, காதில் மஞ்சள் தோடு. பக்கத்தில் அண்ணன், அதே சிரிப்பு.

"மாடு எத்தனை கறந்துச்சுங்க்கா?" என்று ஏதோ பேச்சுக்குக் கேட்டுவிட்டேன்.

"எங்கிருந்து கறக்கறது? கவுத்தைப் புடிக்கச் சொன்னாங்க, போட்டோ எடுத்தாங்க, கவுத்தை வாங்கிக்கிட்டாங்க. ஊட்டுக்கு வந்து சேரும்னாங்க தம்பி. நான் கொட்டாய் போட்டு, தொட்டி கட்டி, தண்ணி ரொப்பி வெச்சுட்டு உக்காந்திருந்தேன்."

"அப்பறம் எதுக்கு இந்தப் படத்தை வெச்சிருக்கறீங்க?"

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "என்ற மாடு தம்பி அது" என்றார்.

இந்தப் படத்தை என் கையால் அளந்து, அறுத்து, கண்ணாடி வைத்துக் கொடுத்திருக்கிறேன். மாடு வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமைச்சர் படம் நம் கடைக்கு வந்ததே என்று குளிர்ந்துபோயிருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இன்று வேறு வேலை ஓடவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

வசந்தாமணி ஒட்டடை அடித்தாள். அண்ணன் படத்தை இறக்கினாள். திருப்பிப் பார்த்தாள். துடைத்து, அதே ஆணியில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். "பல்லி முட்டை இருந்துச்சுங்க" என்றாள்.

தப்பித்தேன்.

மார்ச் 2, சனி

அரசு வக்கீல் போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். நோட்டு இல்லாவிட்டால், காது ஓட்டைக் கதை பின்னால் கட்டியது என்று எதிர்த்தரப்பு சாதித்துவிடும் என்றார். மனிதர் குரலே உடைந்துவிட்டது. வசந்தாமணி அவருக்குத் தைரியம் சொன்னாள். "நோட்டு இல்லாட்டியும் பாத்ததைச் சொல்லுவனுங்க. நம்பறதும் நம்பாததும் அவுங்க பாடு."

ராக்கியப்பன் ஆட்கள் இரண்டு பேர் நான்கு நாளாக எதிர்க் கடையில் உட்கார்ந்து வீட்டையே பார்க்கிறார்கள். அவள் அவர்களுக்கு எதிரிலேயே வாசலில் கோலம் போடுகிறாள், காய் வாங்குகிறாள், பேரம் பேசுகிறாள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், இவ்வளவு பெரிய மனுஷியோடு இருக்கிறேன் என்று தெரியாமல் போயிற்று.

வெண்டைக்காய்க் குழம்பு. பாதியில் எழுந்துவிட்டேன்.

மார்ச் 6, புதன்

சாயங்காலம் வீடு திரும்பியதும் எழுதுகிறேன்.

காலையில் அவள் சேலை மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். நான் படத்தை இறக்கி, குறட்டால் எட்டு ஆணியையும் பிடுங்கி, அட்டைக்கு உள்ளே நான் வைத்திருந்த பச்சை நோட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். "இது... இங்கதான் இருந்துச்சு" என்றேன். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன், அதுதான் வாயில் வந்தது.

"செரிங்க" என்று பையில் வைத்துக்கொண்டாள். "இட்லி ஆறுது, உண்ணுங்க." அவ்வளவுதான்.

கோர்ட்டில் கடைசி பெஞ்சில் இடம் கிடைத்தது. அண்ணனை அப்போதுதான் பார்த்தேன். தலை முழுக்க வெளுத்துவிட்டது. வாசலில் நின்ற ஊழியர் 'மாண்புமிகு' இல்லாமல், 'அண்ணன்' இல்லாமல், "திருமூர்த்தி!" என்று வெறும் பேரைக் கூப்பிட்டார். பக்கத்துக் கோர்ட் வாசலில் கோழி திருட்டு வழக்குக்காக ஒருவனைக் கூப்பிட்ட அதே தோரணை. அண்ணன் "இருக்கறனுங்க" என்று எழுந்து போய்க் கூண்டில் நின்றார். பழைய பழக்கத்தில் நானும் பாதி எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

வசந்தாமணி நோட்டைப் பார்த்துச் சொல்ல அனுமதி கேட்டாள். நீதிபதி அம்மா, எதிர்த்தரப்பும் அதைப் பார்க்கட்டும் என்று அனுமதித்தார். அவள் ஒன்றாவது மாட்டிலிருந்து ஆரம்பித்தாள். கொம்பு, சுழி, மடி, காது. ஊர்ப் பெண்களை விசாரிப்பது போல அப்படி ஒரு கரிசனத்தோடு சொன்னாள். பன்னிரண்டாவது மாட்டுக்கு வரும்போது தட்டச்சு செய்கிறவரே நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு மாட்டுக்கு ரெண்டு முறை குத்துற வழக்கம் உண்டா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லீங்கம்மா. தோட்டைக் கத்தரிச்சு எடுத்தா ஓட்டை அங்கயேதான் இருக்குமுங்க. பழைய ஓட்டையில புதுசு நிக்காது. அதனால பக்கத்துல குத்துவாங்க. ஒண்ணு ரெண்டுன்னா நானும் கண்டுக்க மாட்டேன். நாப்பத்து மூணுக்கும் அப்படிங்க."

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சென்னையிலிருந்து வந்தவர், பெரிய ஆள்.

"இத்தனை வருஷம் வெளியே வராத நோட்டு இன்னைக்கு மட்டும் எப்படிம்மா வந்தது?"

"இதுக்கு முந்தி யாரும் கேக்கலீங்க. போன மாசம் தேடுனேன், காணோமுங்க. இன்னிக்குக் காலைல கெடச்சுதுங்க."

"எங்கே இருந்தது?"

வசந்தாமணி திரும்பி என்னைப் பார்த்தாள். பரண் என்று சொல்லிவிடேன், பெட்டியடியில் என்று சொல்லிவிடேன் என்று கும்பிடாத குறையாகப் பார்த்தேன்.

"என்ற ஊட்டுக்காரர் ஒளிச்சு வெச்சிருந்தாருங்க. அய்யாவோட போட்டோவுக்குப் பின்னால."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மேஜையைத் தட்டினார். அண்ணன் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்தப் பார்வைக்கு நான் எங்கே போய் ஒளிவது? காது மடல் சுட்டது.

வக்கீல் விடவில்லை. "அவர் போட்டோ உங்க வீட்டுல ஏன் இருக்கு? உங்க மக உயிரைக் காப்பாத்தினவர், சரிதானே? அப்படிப்பட்டவர் மேலதான் இப்ப பொய் சொல்றீங்க."

"அவருதானுங்க காப்பாத்துனாரு. யாரும் வராதப்ப அவரு வந்தாரு. அதுக்கு இன்னிக்கும் கும்புடறனுங்க." நோட்டை வைத்துவிட்டு, அண்ணன் நின்ற கூண்டைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டாள். "ஆனா அந்த நாப்பத்து மூணு மாடும் அவருதில்லீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் தலை குனிந்துகொண்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். "அத்தனை பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டியே அம்மணி" என்றேன்.

"கேட்டாங்க, சொன்னேன்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒட்டடை அடிச்சப்ப. எட்டு ஆணியும் புதுசு. பக்கத்துலயே பழைய ஆணி ஓட்டை நாலு. நான் மாட்டுக் காதைப் பாத்தவ, எனக்குத் தெரியாதுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அன்னிக்கே எடுத்திருக்கலாமில்ல?"

"நீங்களாக் குடுப்பீங்கன்னு இருந்தேன்."

"குடுக்காட்டி?"

"அது எங்க இருக்குதுன்னு கோட்டுல சொல்லியிருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மார்ச் 7, வியாழன்

நான் போனதும் டீக்கடையில் பேச்சு நின்றது. ராக்கியப்பன் போனில் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னான். கேட்டுக்கொண்டேன். கடைசியில், "எங்க ஊட்டுல பொய் சொல்ல ஆளில்லப்பா, இருந்த ஒருத்தனும் நேத்து மாட்டிக்கிட்டான்" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

தீர்ப்பு. குற்றம் நிரூபணம். நான்கு வருஷம்.

வெளியே கட்சிக்காரர் கூட்டம், முழக்கம். உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும். தண்டனையைச் சொல்வதற்கு முன்னால் நீதிபதி அம்மா ஒரு பட்டியலைப் படித்தார். படிக்காமலே விட்டிருக்கலாம், தீர்ப்போடு இணைத்தால் போதும். ஆனால் படித்தார். நாற்பத்து மூன்று பெண்கள் பேர், ஒவ்வொரு பேருக்கும் மாடு கொடுத்த அன்று எடுத்த போட்டோவையும் நோட்டையும் ஒப்பிட்டு அடையாளம் கண்ட மாடு. கணீரென்று, ஒரு பேரையும் விழுங்காமல் படித்தார். அந்த அம்மாவை நினைத்தால் இப்போதும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

"பாப்பாத்தி. நெற்றியில் வெள்ளை, வலது கொம்பு மடங்கியது."

எனக்கு முன் பெஞ்சில் அக்கா எழுந்து நின்றுவிட்டார். "என்றதுங்க" என்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அடுத்த பேருக்கும் ஒருவர் எழுந்தார். முடிக்கும்போது பதினேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை, சிலர் இப்போது இல்லை.

போலீஸார் அண்ணனை அழைத்துப் போகும்போது அவர் எங்கள் பக்கத்தில் நின்றார். "அம்மணி, புள்ள நல்லாருக்குதா?"

"நல்லாருக்குதுங்க. ரெண்டு கொழந்தைங்க. உங்க புண்ணியமுங்க."

அவர் தலையசைத்தார். நிமிர்ந்து நடந்துதான் போனார். வசந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான்.

வராந்தாவில் பாப்பாத்தி அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப மாடு வருமா கண்ணு?"

"அந்த மாடு இப்ப உசுரோட இருக்காதுங்க்கா. ஆனா அது உங்க மாடுதான்னு எழுதியாச்சுங்க."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அது போதும்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா அந்தம்மா என்ற பேரைச் சொன்னாங்கல்ல?"

ஜூன் 25, செவ்வாய்

மார்ச்சிலிருந்து அண்ணன் படம் பின் அட்டை இல்லாமல் கடை மூலையில் சாய்ந்து கிடந்தது. இன்று எடுத்துக்கொண்டு போய், "என்ன பண்றது இதை?" என்று கேட்டேன்.

"மாட்டுங்க. ஜீப்பை எறக்குனது நெசந்தானுங்களே."

ஆணி அடிக்க உட்கார்ந்தேன். பழைய ஓட்டை எதிலும் நிற்கவில்லை. அவள் கோர்ட்டில் சொன்னது சரிதான், பக்கத்தில் புதிதாகத்தான் குத்த வேண்டியிருந்தது. பிரேமின் பின்பக்கம் இப்போது மூன்று வரிசை ஓட்டை. மரத்தூள் வைத்து அடைத்திருக்கலாம், எனக்கு அது ஐந்து நிமிஷ வேலை. அடைக்கவில்லை. யாராவது திருப்பிப் பார்த்துக் கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.